பிள்ளையின் ரொபியைப் பறித்துத் தின்றவன்

மூன்று வயதுப் பிள்ளையின் கையிலிருந்த ரொபி மிட்டாயைப் பறித்து, அது வீரிட்டு அழ அழ, அதன் கண் முன்னாலேயே என் வாயில் போட்டுக்கொண்டவன் நான். பிள்ளை வேறு யாருடையதுமல்ல, என்னுடையதுதான். நடந்த இடம் மாமனார் வீட்டு விறாந்தை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாமா, மாமி, என் மனைவி, அந்த வீட்டுக் கறுப்பு நாய். (நாய்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.)

இதை நானே முந்திக்கொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. மாமனாரின் ஊரான கனகராயன்குளத்தில் யாரிடமாவது என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். என் கட்டுரைகளை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இந்தக் கதை மட்டும் தெரிந்திருக்கும். அவர்கள் சொல்லும்போது ரொபியின் எண்ணிக்கை கூடும், பிள்ளையின் வயது குறையும். அதனால் சரியான கதையை என்னிடமே கேட்டுவிடுங்கள். சரியான கதையும் எனக்குப் பெருமை தருவதல்ல.

எண்பதுகளின் தொடக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு வாடகை வீடு. மனைவி மகேஸ்வரி, மகள் வாணி, மகேஸ் சீதனமாகக் கொண்டுவந்த ஒரு தையல் மெசின். இவற்றோடு சிகரெட்.

கந்தோருக்குப் போகும் வழியில் ஒரு கடை இருந்தது. அதன் தூணில் நுனி கனன்றபடி ஒரு தும்புக் கயிறு தொங்கும். சிகரெட்டை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, கயிற்று நுனிக்குக் குனிந்து பற்றவைக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கு முன் நான் தலைகுனிந்ததுபோல் எந்தச் சந்நிதியிலும் குனிந்ததில்லை. அந்தக் காலத்தில் நான் நிறையப் படிப்பேன். புகை இல்லாமல் சிந்தனை வராது என்று நம்பியிருந்தேன். சிந்தனை வந்ததற்கு எந்த ஆதாரமும் மிஞ்சவில்லை. சாம்பல் மட்டும் புத்தகங்களின் நடுவில் இன்னும் கிடக்கிறது.

வாணிக்கு முட்டு. மாரி தொடங்கினால் அந்தச் சின்ன நெஞ்சு பழைய துருத்தி மாதிரி இழுக்கும். வீட்டுக்குள் புகை கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் விறாந்தைக்கு இறங்கினேன். விறாந்தையும் வீடுதான் என்றாள் மகேஸ். முற்றத்துக்கு இறங்கினேன். காற்று உள்ளேதான் வருகிறது என்றாள். கிணற்றடிக்குப் பின்னால் போனேன். அங்கேயிருந்து திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கினால், நான் போட்டிருந்த சேட்டை முகர்ந்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். ஏலக்காய் சப்பினேன். கிராம்பு சப்பினேன். வாய் பலகாரம் மாதிரி மணத்தது, சேட் சுடலை மாதிரி மணத்தது.

கடைசியில் வீட்டைக் கவிழ்த்தது ஒரு பப்பாசித் தண்டு.

ஒருநாள் கந்தோரால் வந்தபோது வாணி குசினி வாசற்படியில் காலுக்குமேல் கால் போட்டு இருந்தாள். இரண்டு விரல்களுக்கிடையில் ஒரு பப்பாசித் தண்டு. அதை வாயில் வைத்து உறிஞ்சினாள். முகத்தை வானத்துக்கு உயர்த்தி நீளமாக ஊதினாள். பிறகு இருமினாள். அது அவளுடைய முட்டு இருமல் அல்ல. என் இருமல். மகேஸ் அளவெடுத்துத் தைத்ததுபோல் அச்சொட்டாக என் இருமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மகேஸ் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஏசினால் தப்பியிருப்பேன். அவள் உள்ளே போய்ப் பிள்ளையின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"நான் அம்மா வீட்டை போறன்," என்றாள். "சிகரெட்டை விட்டிட்டு வந்து கூப்பிடுங்கோ. விடேலாதெண்டா அதோடையே இருங்கோ. அதுக்குச் சமைக்கத் தேவையில்லை, தோய்க்கத் தேவையில்லை."

போனாள். தையல் மெசினை மட்டும் விட்டுப்போனாள். எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அதுதான். மகேஸ் மெசினை விட்டு அதிக நாள் இருக்க மாட்டாள்.

தனித்த வீட்டில் நான் எவ்வளவு தூரம் கீழே போனேன் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஒரு பின்னேரம் ரோசம் வந்து சிகரெட் பெட்டியை வாய்க்காலில் எறிந்தேன். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ரோசம் போய்விட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கித் தேடினேன். இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்த காலம். வரம்பால் போன ஒருவர் நின்று, மீன் படுகுதோ என்று கேட்டார். ஓம், படுகுது என்றேன். நனைந்த சிகரெட்டுகளைத் தையல் மெசினின் மூடியில் வரிசையாகக் காயவைத்தேன். இதைவிடக் கேவலம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. காய்ந்ததும் அவற்றைப் பிடித்தேன்.

அப்படியிருந்த வேளையில்தான் யோகன் வந்தான்.

யோகன் எனக்கு மச்சான் முறை. எண்ணெய்க் கப்பலில் வேலை. லீவில் வந்தவன் ஒரு பை நிறையச் சாமானோடு என் கதிரையில் இருந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பெண்வாசம் இல்லாத வீடு தன்னைத்தானே சொல்லிவிடும். விசயத்தைக் கேட்டான். சொன்னேன். எண்ணெய்க் கப்பலில் நெருப்புக்குச்சி தட்டினால் எல்லாரும் ஒன்றாக மேலே போகவேண்டியதுதான் என்பதால், தங்கள் ஆட்கள் சுவீடன் பக்கத் துறைமுகத்தில் ஒருவகைச் சுவிங்கம் வாங்கிச் சப்புகிறார்கள் என்றான். பைக்குள் கையை விட்டு, மாத்திரைபோல் தாளில் பதித்த நாலைந்து அட்டைகளை எடுத்துத் தந்தான்.

"மச்சான், உது ரொபி இல்லை, வடிவாக் கேள். சிகரெட்டிலை இருக்கிற அதே சாமான்தான் உதுக்குள்ளையும் இருக்கு. புகைதான் இல்லை. ஒண்டைப் போட்டு ஆறுதலாச் சப்பு. மிளகு கடிச்சமாதிரி நாக்கு விறுவிறுக்கும். உடனை சப்பிறதை நிப்பாட்டிப்போட்டுக் கன்னக் கொடுப்புக்குள்ளை ஒதுக்கிவை. விறுவிறுப்புப் போனாப் பிறகு திரும்பக் கொஞ்சம் சப்பு. ஒண்டு முடியாமல் அடுத்ததைத் தொடாதை. அந்த நேரம் தேத்தண்ணி, சோடா ஒண்டும் குடியாதை. உதைப் போட்டுக்கொண்டு சிகரெட்டும் பத்தாதை. பிள்ளையளின்ரை கையிலை மட்டும் படவிடாதை."

இவ்வளவையும் அவன் ஒழுங்காகச் சொன்னான் என்பது எனக்கு இன்று நன்றாக நினைவிருக்கிறது. அன்று நான் அவன் கொண்டுவந்த சவர்க்காரத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். தடித்த தடித்த புத்தகங்களை நாலு நாளில் முடிக்கிறவன் நான். எனக்குச் சப்புவதற்கு ஒரு கப்பல்காரன் பாடம் நடத்துவதா? மாடு எங்கே படித்தது? (மாடு அசைபோடுவதற்கு முன் ஆறுதலாகப் படுத்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை.)

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தச் சுவிங்கக் கோந்து வேலை செய்தது. அடுத்த நாளிலிருந்து நான் சிகரெட் தொடவில்லை. கயிறு தொங்கும் கடையைத் தாண்டிச் சைக்கிளில் நிமிர்ந்து போனேன். கடைக்காரர் எனக்குச் சுகமில்லையோ என்று விசாரித்தார். ஒதுக்கி வைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை. போட்ட மாத்திரத்தில் வெறிபிடித்தவன்போல் சப்புவேன். தொண்டை எரியும், நெஞ்சு கரிக்கும், இடையிடை விக்கல் வரும். மருந்தென்றால் எரியத்தானே வேண்டும் என்று எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிழமையே ஒரு பஸ் கொண்டக்டர் வழியாக மாமாவின் செய்தி வந்தது. சனிக்கிழமை மாமா ட்ரக்டரோடு உருத்திரபுரம் வருகிறார். தையல் மெசினை ஏற்றிப்போக.

மகேஸ் கோபத்தில் போனவள். கோபம் ஆறும், வருவாள். மெசின் போய்விட்டால் அது கோபமல்ல, குடிபெயர்வு. கனகராயன்குளத்தில் அவள் மெசினை யன்னலடியில் போட்டு, ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கத் தொடங்கிவிட்டால், பிறகு என் வீட்டுக்கு ஏன் வரவேண்டும்? சனிக்கிழமைக்கு முன் நான் போய்ச் சேரவேண்டும். போய், விட்டுவிட்டேன் என்று சொல்லவேண்டும். அவள் நம்பவேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வெள்ளைச் சேட், புதுச் சவர்க்கார வாசம், சேட் பையில் ஓர் அட்டை கோந்து. பஸ்ஸில் ஏறி, மாமாவுக்குச் சொல்லவேண்டியதை மனதுக்குள் பாடமாக்கினேன். "மாமா, நான் சிகரெட்டை விட்டிட்டன். மகேசையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வந்தனான்." இரண்டே வசனம். பள்ளிக்கூட நாடகத்தில்கூட இதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன்.

கண்டி வீதியால் போகும் எந்த பஸ்ஸும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகாது. எல்லாரும் இறங்கினார்கள். தேங்காய் உடைத்தார்கள், கச்சான் கடலை வாங்கினார்கள், பிறகு ஆண்கள் அத்தனைபேரும் மரத்தடியில் நின்று பற்றவைத்தார்கள். அப்படி ஒரு புகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நீலமாக, மெலிதாக, வெயிலில் நெளிந்து என்னைத் தேடி வந்தது. கால் இரண்டும் தானாக அந்தப் பக்கம் திரும்பின. பிள்ளையாரே என்று ஒரு கோந்தை வாயில் போட்டேன். வெயிலுக்கு ஒரு சோடாவும் வாங்கி, கோந்தைச் சப்பிச் சப்பி அதன்மேல் சோடாவை ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நாக்கு விறுவிறுக்கவில்லை, ஆசை அடங்கவில்லை. சோடாவின் புளிப்பு வாயில் இருக்கும்வரை அந்த மருந்து ஊறாது என்பது பின்னாளில் தெரிந்த விசயம். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் யோகன் தந்த சாமான் வெயிலில் செத்துவிட்டது என்பதுதான். பஸ் புறப்பட்டதும் இன்னும் இரண்டை ஒன்றாகப் போட்டேன். மாங்குளம் தாண்டியபோது மேலும் ஒன்று. தாடை வலிக்கச் சப்பினேன். பக்கத்து ஆசனத்துக் கிழவர், "தம்பிக்குப் பல்லுக் கொதியோ?" என்று இரக்கமாகக் கேட்டார்.

கனகராயன்குளத்தில் இறங்கும்போது விக்கல் தொடங்கிவிட்டது.

மாமா வீட்டுப் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ட்ரக்டர். அயலாரிடம் கேட்டு முதல்நாளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பக்கத்தில் சாக்கும் கயிறும் வைத்திருந்தார். மெசினில் ஒரு கீறலும் விழக்கூடாது. மருமகனுக்கு இப்படி யாரும் வைக்கோல் பரப்பியதில்லை.

மாமா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை. கண்ணால் ஒரு கதிரையைக் காட்டினார். இருந்தேன். விக்கினேன். மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆரோ நினைக்கிறார்கள்போல என்றா. மாமா, "இஞ்சை ஒருத்தரும் நினைக்கேல்லை," என்றார்.

கதவுச் சேலைக்குப் பின்னால் மகேஸின் பாதம் தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இதுதான் நேரம்.

"மாமா, நான்," என்றேன். விக்கல். "மாமா, நான் சி," என்றேன். விக்கல். மாமா பொறுமையாக வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை வெற்றிலையில்தான் தொடங்கும். நீட்டிய தட்டத்தில் எடுத்தால் கதைக்க வந்திருக்கிறான் என்று பொருள். எடுக்காவிட்டால் சண்டைக்கு வந்திருக்கிறான். நான் வெற்றிலை போடாதவன் என்பது மாமாவுக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டினார். நான் தயங்குவதைக் கண்டு, தானே ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மேலே ஒரு துண்டுப் புகையிலையும் வைத்து மடித்துத் தந்தார். நல்ல தடித்த துண்டு. அதைச் சமாதானக் கொடி என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

வாயில் ஏற்கெனவே கோந்து. மாமனார் முன்னிலையில் வாய்க்குள் விரலைவிட்டு எதையோ இழுத்தெடுப்பது மரியாதையா? அப்போதுதான் யோகன் சொன்ன கொடுப்பு நினைவுக்கு வந்தது. கோந்தை ஒரு பக்கக் கொடுப்புக்குள் தள்ளிவிட்டு, மறுபக்கம் வெற்றிலையைப் போட்டேன். இருந்த படிக்கம் ஒன்றே ஒன்று, அது மாமாவின் காலடியில். எழும்பிப் போய் அவர் காலடியில் துப்ப எனக்குத் துணிவு வரவில்லை. விழுங்கினேன். சாறு முழுவதையும் விழுங்கினேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். ஆனால் அப்போது எனக்கு அது வரிசையாக நடக்கவில்லை. முதலில் ட்ரக்டர் அசைந்தது. நிறுத்தி வைத்திருந்த ட்ரக்டர். பிறகு முற்றத்து மாமரம் அதன் பின்னால் போனது. காது இரண்டுக்குள்ளும் நெல்லுக் குத்தும் மெசின் ஓடியது. வெள்ளைச் சேட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமா ஒருவர் இருவரானார். இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னால் குனிந்து மூக்கை உறிஞ்சினார்கள்.

"தம்பி, வழியிலை எங்கையும் இறங்கினனீங்களோ?"

"முறிகண்டியிலை மாமா," என்றேன், மூன்று விக்கலில்.

"முறிகண்டியிலை இப்ப கள்ளும் விக்கினமோ?"

கதவுச் சேலைக்குப் பின்னாலிருந்த பாதம் உள்ளே போனது. ஐயோ, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தால் கதை வராது, வேறு ஏதோ வரும் என்று வயிறு எச்சரித்தது. மூடிக்கொண்டேன். சிகரெட்டை விட்ட மனிதனாக வந்தவன், குடிகாரனாகவும் பதவி உயர்வு பெற்று உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. நாளைக் காலை மெசின் போகும். மெசினோடு வீடு போகும். இனி எனக்கு வாய்க்காலும் அதில் மிதக்கும் பெட்டியும்தான்.

இந்த நேரம் பார்த்து வாணி வந்தாள்.

வழக்கமாக நான் கந்தோரால் வரும்போது சேட் பையில் அவளுக்கு ஒரு ரொபி இருக்கும். அவளே கைவிட்டு எடுப்பாள். அது எங்கள் இருவருக்குமான ஏற்பாடு. அத்தனை நாள் காணாத அப்பாவைக் கண்டதும் அவள் ஏற்பாட்டை மறக்கவில்லை. மெதுவாக வந்து என் முழங்காலில் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மாமரம் நிற்பதற்காகக் காத்திருந்த எனக்கு, பையில் கை போனது தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அட்டை அவள் மடியில் கிடந்தது. பஸ்ஸில் நான் பாதி பிரித்துவிட்ட ஒரு துண்டு அவள் விரல்களில் இருந்தது. வாய் திறந்திருந்தது.

யோகன் சொன்னதில் மற்றதெல்லாம் சவர்க்கார வாசத்தோடு போயிருந்தது. பிள்ளைகளின் கையில் படவிடாதே என்றது மட்டும் எங்கிருந்தோ வந்து என் மண்டையில் அடித்தது. நாலு துண்டுக்கு இவ்வளவு பெரிய உடம்பே ஆடுகிறது. இந்த முட்டுக்காரக் குஞ்சுக்கு?

பாய்ந்து பறித்தேன். வாணி வீரிட்டாள். வீரிட்டபடி என் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். நிலத்தில் போட்டால் எடுத்துவிடுவாள். எறிவதற்குக் கையில் பலமில்லை. சொல்வதற்கு வாயில் சொல்லில்லை. உலகத்தில் அந்தக் கணம் அவளுக்கு எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் வாயில் போட்டேன்.

மகேஸ் கதவுச் சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். மாமி வாயில் கைவைத்தா. நாய் முகத்தைத் திருப்பிய இடம் இதுதான்.

மாமா எழும்பினார். "பிள்ளையின்ரை வாய்க்குள்ளை போறதைப் பறிச்சுத் திண்ணிறியே காணும்," என்றார். அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தவர்.

பதில் சொல்ல எழும்பினேன். படிவரை போக முடிந்தது. படியடியில் மாமாவின் புதுச் செருப்பு இருந்தது. வெற்றிலை, புகையிலை, கோந்து, முறிகண்டிச் சோடா எல்லாவற்றையும் அதன்மேல் சமர்ப்பித்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். முகம் வெளிறி, உதடு நடுங்கி, கைகால் பனிபோல் குளிர்ந்துவிட்டதாம். குடிகாரன் இப்படிக் குளிர மாட்டான் என்று மகேஸ்தான் முதலில் சொன்னாளாம்.

தையல் மெசினுக்குப் பரப்பிய வைக்கோலில் என்னைக் கிடத்தி, அதே ட்ரக்டரில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். குழி விழுந்த பாதை. ஒவ்வொரு குழியிலும் நான் செத்துவிடுவேன் என்று பயந்தேன். பாதி வழிக்குப்பின், சாகமாட்டேனோ என்று பயந்தேன்.

அப்போதிக்கரி ஐயா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன தின்றவர் என்று கேட்டார்.

"பிள்ளையின்ரை ரொபி," என்றா மாமி.

மகேஸ் அட்டையை நீட்டினாள். ஐயா அதைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பொடி எழுத்தை வாசித்தார். இப்படி ஒரு சாமானைத் தானும் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வெற்றிலையும் புகையிலையும் போட்டாரா என்று கேட்டார். போட்டார் என்றார் மாமா. துப்பினாரா? மாமா கூரையைப் பார்த்தார்.

"உது ரொபி இல்லையம்மா," என்றார் ஐயா. "சிகரெட்டை விடுறதுக்குச் சப்பிற சாமான். நிக்கொட்டின். இந்தாள் அளவில்லாமல் சப்பி, அதுக்குமேலை புகையிலைச் சாறையும் விழுங்கியிருக்கு. பயமில்லை, வளந்த உடம்பு, தெளிஞ்சிடும். இதை அந்தச் சின்னன் திண்டிருந்தா நான் தொட்டும் பாக்கமாட்டன். வவுனியாவுக்குத்தான் ஓடவேணும்."

வாணி மகேஸின் தோளில் அழுது களைத்து நித்திரையாயிருந்தாள். மகேஸ் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். நான் அங்கேயிருந்த மர வாங்கில் படுத்தபடி ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன். உயிரைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றிய தகப்பனுக்குச் சொல்லக்கூடிய ஏதாவது. மாமிதான் முதலில் வாய் திறந்தா.

"அதைச் சொல்லிப்போட்டுப் பறிச்சிருக்கலாமே."

நாங்கள் வெளியே போகும்போது ஐயா மகேஸைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அதில் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருக்குமோ, தானும் கனகாலமாக விடத்தான் பார்க்கிறேன் என்றார். மகேஸ் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். இல்லை ஐயா என்று சொல்லிவிட்டாள்.

மிச்சக் கதை சின்னது. தையல் மெசின் உருத்திரபுரத்திலேயே இருந்தது. மாமா வேறு செருப்பு வாங்கினார். மிஞ்சிய அட்டைகளை மகேஸ் ஒரு தகரப் பேணியில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். திறப்பு அவள் இடுப்பில். கேட்டால் ஒன்று தருவாள். தந்துவிட்டு மெசினில் இருந்தபடி என் தாடையைப் பார்ப்பாள். விறுவிறுத்ததும் நிறுத்தவேண்டும், ஒதுக்கவேண்டும். நான் மறந்து இன்னொருமுறை அசைத்தால் மெசின் சத்தம் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் தேத்தண்ணி கிடையாது, தேசிக்காய்த் தண்ணி கிடையாது. போகப்போக, கேட்டாலும் நேரம் கழித்துத்தான் தந்தாள். பிறகு பாதியாக வெட்டித் தந்தாள், துணி வெட்டும் கத்திரிக்கோலால். பேணி காலியானபோது நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சிகரெட்டை அதன்பின் தொடவில்லை. வாணியின் முட்டு முற்றாகப் போகவில்லை. ஆனால் குறைந்தது.

இத்தனையும் செய்து முடித்த எனக்கு ஊர் தந்த பட்டம் வேறு. என் குடும்பத்தில் நான் இருக்கும் இடத்தில் யாரும் இனிப்பைக் கையில் வைத்திருக்க மாட்டார்கள். கலியாண வீட்டில் பலகாரத் தட்டம் என் பக்கம் வந்தால், பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கோ என்று ஒரு குரல் கேட்கும். வாணிக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்தப் பேரன் என்னைக் கண்டால் முதலில் செய்வது, வாயில் இருக்கும் ரொபியை அவசரமாகக் கடித்து விழுங்குவதுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அம்மா என்றான். அப்பா பேசியதெல்லாம் மறந்துவிட்டது, அந்த ரொபி மட்டும் நினைவிருக்கிறது என்கிறாள் வாணி. அது ரொபி இல்லை என்று இன்றுவரை அவளை நம்பவைக்க முடியவில்லை.

இதெல்லாம் பிறகு வந்தவை. டிஸ்பென்சரியிலிருந்து தெளிந்து எழும்பி, சில நாள் மாமா வீட்டில் கஞ்சி குடித்துக் கிடந்து, மகேசோடும் பிள்ளையோடும் பஸ்ஸில் உருத்திரபுரம் திரும்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். பஸ் முறிகண்டியில் நின்றது. ஆண்கள் இறங்கி மரத்தடியில் பற்றவைத்தார்கள். நான் இறங்கவில்லை. மகேஸ் அதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். வாணி என் மடியில் நித்திரை. நெஞ்சு நிமிர்ந்தது. அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிடவேண்டும்போல் இருந்தது.

"மகேஸ், நான் சிகரெட்டை விட்டிட்டன் எண்டு நம்பித்தானே வாறாய்?"

அவள் யன்னலால் வாங்கிய கச்சானை உடைத்து வாயில் போட்டு ஆறுதலாகச் சப்பினாள்.

"ஆர் நம்பினது? அம்மாதான் அனுப்பினவா. இந்த மனிசனைத் தனிய விட்டா ரொபி திண்டும் செத்துப்போகுமாம்."